மீன் ஞாயிறு

எங்கள் பனியன் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மீன் சாப்பாடு நடக்கும். மீன் ஞாயிறு என்று அதற்குப் பேர். அது கம்பெனி வைத்த பேர் இல்லை, மடிப்புக் கட்டுகிற பெண்கள் வைத்தது. கடலுக்கும் திருப்பூருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாங்கள் அறிந்த தண்ணீர் நொய்யலும் சாமளாபுரம் குளமும்தான். அறிந்த மீன் கெளுத்தியும் விராலும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நூறு பேர் பந்தியாக உட்கார்ந்து, சீலா மீன் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, முள் எங்கே இருக்கிறது என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பெரிய கல்கத்தா ஆர்டர் ஒன்று முடிந்த சந்தோஷத்தில் முதலாளி ஆரம்பித்தார் என்பது ஒன்று. ஊசியைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவர்களுக்கு மீன் நல்லது என்று டாக்டர் சொன்னார் என்பது இன்னொன்று. தைப்பூச விரதத்துக்கும் பங்குனி உத்திர விரதத்துக்கும் நடுவே வாய்க்கு ருசியாக ஒரு நாள் இருக்கட்டும் என்று பழனிக்கு நடந்து போகிற கோஷ்டி ஏற்பாடு செய்தது என்பது மூன்றாவது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்றும் தப்பு. அது என்னால் ஆரம்பித்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலம்பாளையம் போகிற வழியில் கொட்டகை. எங்கள் குடும்பம் தறிக்குடும்பம், முருகனுக்குக் காவடி எடுக்கிற குடும்பம். அப்பா ஏதோ வேண்டுதலில் கறி மீனை விட்டவர். அதனால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் தொடுவதில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன். அந்தக் கொட்டகையில் அது போதும், சூப்பர்வைசர் ஆகிவிடலாம்.

எங்களிடம் கட்டிங் மாஸ்டராக ஒருவன் இருந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம் அவனுக்கு. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அவன் அம்மா ஒற்றைப் பிள்ளையைப் படகில் ஏற விடாமல், தண்ணீரே கண்ணில் படாத ஊராகப் பார்த்துப் போ என்று அனுப்பிவிட்டாள். பாய்மரத் துணி வெட்டிப் பழகிய கை என்பதால் பனியன் துணி அவனுக்கு வெண்ணெய் மாதிரி. நாற்பது மடிப்புப் போட்டு அடுக்கின துணியில் பெரிய கத்திரியை ஓட்டினால், மேல் பீசும் அடிப் பீசும் ஒரே அளவாக விழும். வேலை செய்துகொண்டே பேசுவான். பேச்சில் பாதி அம்மா, மீதி மீன். இந்த ஊரில் மழை பெய்தால்கூடக் காய்ந்துபோன வாசனைதான் வருகிறது என்று குறை சொல்வான். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். அந்த வார்த்தை எங்களுக்குப் புதிது. முதலில் கிண்டல் செய்தோம், பிறகு எல்லாரும் என்னை அண்ணாச்சி ஆக்கிவிட்டார்கள்.

ஒரு மாசி மாதம் காலை ஒன்பதே காலுக்குத் தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். தந்தி அவன் பேருக்கு. வாசலில் நின்றிருந்த நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தந்தி என்றாலே அன்றைக்கெல்லாம் சாவுதான். பிரித்து எழுத்துக் கூட்டினேன். அம்மா இறந்துவிட்டாள், உடனே புறப்படு. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வழக்கம் உண்டு. மிஷினில் இருப்பவனுக்கும் கத்திரி பிடித்திருப்பவனுக்கும் வேலை நடுவே கெட்ட சேதி சொல்லமாட்டோம். கை நடுங்கினால் விரல் போய்விடும். முதலில் வேலையை நிறுத்த வைப்போம். இரண்டாவது, சாவுச் சேதியை வெறும் வயிற்றில் சொல்லமாட்டோம். சொன்ன பிறகு அடக்கம் முடிகிற வரைக்கும் மனுஷன் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டான், தூரப் பயணம் வேறு. அதனால் ஏதோ சாக்குச் சொல்லிக் கூட்டிப்போய், வயிறு நிறைய சாப்பிட வைத்து, கை கழுவின பிறகு சொல்வோம். நல்ல வழக்கம்தான். நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் கத்திரி ஓட்டிக்கொண்டிருந்தான். கத்திரியை வைக்கச் சொல்லி, பக்கத்துக் கடையில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, பத்து மணிக்குள் சொல்லியிருக்கலாம். பத்தரைக்குத் தாராபுரம் வழியாக மதுரைக்கு ஒரு பஸ் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு இன்னொரு கட்டிங் ஆள் வரவில்லை. முதலாளியும் சொந்தத்தில் கல்யாணம் என்று ஊருக்குப் போயிருந்தார். சாயங்காலம் கல்கத்தா பார்சல் ரயிலில் ஏற வேண்டும். இன்னும் மூன்று அடுக்குத் துணி வெட்ட வேண்டும். அவன் போய்விட்டால் பவர் டேபிள் மிஷின்களில் தைக்கிற ஆட்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. முதலாளி இருந்திருந்தால் அனுப்பித் தொலை என்றுதான் சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். நானாக முடிவு செய்தேன். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. கத்திரி கையில் இருக்கும்போது சொல்லக் கூடாது இல்லையா, அதைக் கீழே வைக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மத்தியானம் வரைக்கும் கீழே வராது என்பதும் எனக்குத் தெரியும். நல்ல வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம். கெட்ட வழக்கம் என்றால் யாராவது கேட்டிருப்பார்கள்.

பத்தரை ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் இரண்டாவது அடுக்கை விரித்துக்கொண்டே, அடுத்த மாதம் லீவு வேண்டும், அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றான். பார்க்கலாம் என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பாவமாகக்கூட இல்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பையில் இருக்கிற காகிதம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்கு மூன்றாவது அடுக்கும் முடிந்தது. அவன் கையை உதறினான். வா, இன்றைக்கு நான் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டேன். அவனுக்கு ஆச்சரியம். நான் எட்டணாக் காசை எடுக்க நாலு தடவை யோசிக்கிறவன் என்று கம்பெனிக்கே தெரியும். எங்கே போகலாம் என்று கேட்டேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மலையாளத்துக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மேற்குக் கடற்கரையிலிருந்து ரயிலில் கூடையில் மத்தி மீன் வரும். அங்கே போகலாம் என்றான்.

போனால் ரயில் தாமதம். மீன் இன்னும் வரவில்லை. சாம்பார், மோர் இருக்கிறது, உட்காருங்கள் என்றார் கடைக்காரர். நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அவன், கொஞ்சம் இருப்போம் அண்ணாச்சி, உங்கள் தயவில் இன்றைக்காவது மீன் சாப்பிட்டுக்கொள்கிறேனே என்றான். இருந்தோம். கூடை வந்து, கழுவி, மிளகாய் தடவிப் பொரிக்க ஒன்றே முக்கால் ஆயிற்று. அவன் ரசித்துச் சாப்பிட்டான். நீங்களும் ஒன்று சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்ததால், பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நானும் ஒரு மத்தியைத் தின்றேன். உப்பும் காரமும் தெரிந்தன. வேறு எதுவும் தெரியவில்லை.

கை கழுவுகிற இடத்தில் வைத்துத் தந்தியைக் கொடுத்தேன். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என் முகத்தைப் பார்த்தான். "அம்மா போயிட்டாங்கப்பா" என்றேன். அவன் அழவில்லை. தொட்டியில் இருந்த சோப்பை எடுத்து மறுபடியும் கையைக் கழுவினான். விரல் விரலாகக் கழுவினான். பிறகு மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினான். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், மூன்று மணி பஸ் புறப்பட நேரம் இருந்ததால் உட்கார வைத்துவிட்டு, பார்சல் வேலை இருக்கிறது என்று நான் கம்பெனிக்குத் திரும்பினேன். பார்சல் நேரத்துக்கு ஏறியது.

பத்து நாள் கழித்து வந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி நிதானமாகச் சொன்னான். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கொண்டு பஸ் இல்லையாம். ஸ்டாண்டிலேயே கிடந்து, விடிந்து முதல் பஸ் பிடித்து, ஊருக்குப் போகும்போது பதினொரு மணியாம். பிள்ளை வந்துவிடுவான் என்று உறவுக்காரர்கள் மீனுக்கென்று வந்த ஐஸ் பாளத்தை உடைத்து அவளைச் சுற்றி வைத்துக் காத்திருந்தார்களாம். ஒன்பது மணிக்கு மேல் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். அவன் பார்த்தது மண் மேட்டைத்தான். பத்தரை பஸ்ஸில் ஏறியிருந்தால் விடிவதற்குள் ஊரில் இருந்திருப்பான். இதை அங்கே எனக்கு மட்டும்தான் கணக்குப் போடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் என் பேர் கொடிகட்டிப் பறந்தது. அண்ணாச்சி மனசு யாருக்கு வரும், சேதியைச் சொல்வதற்கு முன் மீன் வாங்கிக் கொடுத்தார், கறி மீன் தொடாத மனுஷன் அவனுக்காகத் தானும் தின்றார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தந்தி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு போடுகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்த மாசியில் அவன் வருஷப் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டு, ஒரு மரப்பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவந்தான். நேராக என் மேஜைக்கு வந்து, "அன்னைக்கி எனக்கு வாங்கிக் குடுத்தீயள்லா அண்ணாச்சி, இது உங்களுக்கு" என்று வைத்தான். நாங்கள் நாலைந்து பேர் கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டோம். அதற்கடுத்த வருஷம் இரண்டு பெட்டி. பிறகு முதலாளி, நம்ம ஆளுக எல்லாருக்கும் போடலாமே என்று லாரி செட்டில் சொல்லிப் பெட்டிகள் வரவழைத்தார். ஞாயிறாகப் பார்த்து வைத்தார்கள். இறால் வந்தது, நண்டு வந்தது. நண்டைப் பார்த்து ஒரு டெய்லர் எழுந்து ஓடினதைப் பத்து வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். கறி மீன் தொடாதவர்களுக்கு வாழைக்காயை மீன் துண்டு மாதிரியே வெட்டிப் பொரித்துத் தனிப் பந்தி. வீரபாண்டியிலிருந்து சாயப்பட்டறை ஆட்கள்கூட அழையாத விருந்தாளியாக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சாமி கும்பிடுகிற நோன்பு போல அது தன்பாட்டுக்கு நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் முதல் இலை எனக்கு. அவன் கையாலேயே பரிமாறுவான். சீலாவின் நடுத்துண்டை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, நான் வாயில் வைக்கிற வரைக்கும் நிற்பான். நான் தின்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை. மரத்துப்போயிருந்தது. பெட்டியைத் திறந்து ஐஸைக் கொட்டும்போது அந்த அம்மாவின் ஞாபகம் வரும். வந்த வேகத்தில் போய்விடும். பந்தியில் எத்தனை இலை, ரசம் போதுமா என்று பார்க்கப் போய்விடுவேன்.

வீட்டில் என் மனைவிக்கு மட்டும் நடந்தது தெரியும். முதல் வருஷமே சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. ஆனால் மீன் ஞாயிறுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏன் உங்கள் வீட்டில் வரவில்லை என்று கேட்பார்கள், விரதம் என்பேன். வருஷம் பூராவும் என்ன விரதமோ என்று பெண்கள் சிரிப்பார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகி, மனைவியைக் கூட்டிவந்து எங்கள் காலில் விழுந்தபோது மட்டும் என் மனைவி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

எழுபதுகளில் கம்பெனி பெரிதாகிவிட்டது. ஒரு வருஷம் முதலாளி, இந்த விருந்து ஆரம்பித்த கதை புது ஆட்களுக்குத் தெரியவில்லை, இந்தத் தடவை மைக் செட் வைக்கலாம், அவனே எல்லாருக்கும் சொல்லட்டும், உங்களுக்கு மாலை போடலாம் என்றார். வேண்டாங்க என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பெரிய மாலையாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து கதவருகே நின்றாள். "ஏனுங்க, அந்தப் பையங்கிட்டச் சொல்லிப்போட்டு அப்பறம் மாலையப் போட்டுக்கங்க. சொல்லாம போட்டுக்கிட்டா ஊட்டுக்கு வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வாங்கிவரச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. மைக்கில் அவன் என்னைப் புகழ்ந்து பேசிவிட்டால், அதற்குப் பிறகு நான் எந்த வாயால் சொல்வேன்? பந்திக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக அவன் என்னை அண்ணன் ஸ்தானத்தில் வைத்திருந்தான். அம்மாவுக்குப் பிறகு எனக்கு நீங்கள்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான்.

கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஐஸ் கரைந்து ஓடியது. மற்றவர்கள் பந்தல் பக்கம் இருந்தார்கள். நான் போய் எதிரில் நின்றேன். என்ன அண்ணாச்சி, அதற்குள் பசியா என்று கேட்டான்.

"ஒரு சமாச்சாரம் சொல்லோணும்ப்பா. அன்னைக்குத் தந்தி மத்தியானம் வரலை. காலைல ஒம்பதே காலுக்கே வந்துருச்சு. துணி வெட்டி முடியட்டும்னு நாந்தான் பைல வெச்சிருந்தேன்."

கத்தி நிற்கவில்லை. வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் வரைக்கும் சீவி முடித்து, மீனைத் திருப்பிப் போட்டான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான்.

அவனே சொன்னான். அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போன பிறகு, அந்த வழியாகச் சைக்கிளில் வந்த தந்திக்காரர், கம்பெனி ஆட்களையெல்லாம் தெரிந்தவர், அவனைப் பார்த்து, காலையிலேயே கொடுத்தேனே, இன்னும் போகவில்லையா என்று கேட்டாராம். பஸ் புறப்படுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மதுரை ஸ்டாண்டில் கிடந்தபோதும், மண் மேட்டின் முன்னால் நின்றபோதும் தெரியும். பத்து நாள் கழித்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றபோதும் தெரியும்.

பின்னே எதற்காக வருஷா வருஷம் இந்த மீன் என்று கேட்டேன்.

அவன் கத்தியைத் தொட்டித் திண்டில் வைத்தான். "மொத வருசம், உங்க தொண்டைல முள்ளு சிக்கட்டும்னுதான் கொண்டாந்தேன். அப்பறம் அந்தக் கோவம் போயிட்டு. அந்த நாள நீங்க மறந்திட்டியள்னா, எனக்கு மட்டுந்தான ஞாபகம் இருக்கும். ஒத்தையில என்னால அதத் தூக்க முடியல அண்ணாச்சி."

பந்தலில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவன் அடுத்த மீனை எடுத்தான். இன்னும் ஏதாவது சொல்வான், திட்டுவான் என்று நான் காத்திருந்தேன். நேரம் ஆகிறது, மசாலா அரைத்தாகிவிட்டதா பாருங்கள் என்றான். போய்ப் பார்த்தேன். அரைத்தாகிவிட்டது.

முதலாளி மாலை போட்டார். கழுத்தில் கனமாக இருந்தது. பிறகு அவன் மைக் முன்னால் வந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் அம்மா செத்த சேதி வந்த அன்றைக்கு அண்ணாச்சி என்னைப் பட்டினியாக அனுப்பவில்லை, மீன் வாங்கிக் கொடுத்துச் சாப்பிட வைத்த பிறகுதான் சொன்னார், கறி மீன் தொடாத மனுஷர் என்னோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்டார் என்று சொன்னான். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பேசி முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.